டன்வேகன் கோட்டை விருந்துக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் மனைவி வீட்டார் மக்லவுட் குலச் சங்கத்தில் இருப்பது தெரியும். அவர்கள் விருந்துக்கு, அதுவும் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் அந்தக் குலத்தலைவர்களின் டன்வேகன் கோட்டைக்கே, உன்னையும் அழைத்திருக்கிறார்கள் என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீயோ, "பேக்பைப் சத்தத்துல எப்படிக்கா சாப்பிடுறது?" என்கிறாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் பைப்பர், அதாவது பேக்பைப் வாசிப்பவர், வாசித்துக்கொண்டு முன்னால் வர, பின்னாலேயே தட்டில் ஹாகிஸ் வரும். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலோடு ஓட்ஸும் கொழுப்பும் வெங்காயமும் சேர்த்துச் செய்வது. குடல்கறி சாப்பிட்டு வளர்ந்தவன் நீ, தயங்க மாட்டாய். எல்லோரும் கைதட்டுவார்கள், போனில் படம் பிடிப்பார்கள். நீயும் பிடி. ஆனால் பேக்பைப் இசை அவ்வளவுதான் என்று நினைத்துவிடாதே.

சாப்பாடு முடிந்ததும் பைப்பர் 'கியோல் மோர்' என்ற பழைய பேக்பைப் செவ்விசையை வாசித்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் கேள். மெதுவான ஒரு அடிப்படை மெட்டு, அதன் மேல் ஒன்றைவிட ஒன்று சிக்கலாக ஏறும் மாறுபாடுகள், கடைசியில் மறுபடி அதே மெட்டு. கையில் இருப்பது ஒன்பதே சுரம். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, நடுவில் நிறுத்தவும் முடியாது. ஒரே சுரம் இரண்டு முறை வரவேண்டுமென்றால் இடையில் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சின்ன சுரத்தை வெட்டித்தான் பிரிக்க வேண்டும். அந்த விரல்களைப் பார். அவர் மூச்சு வாங்கும்போது இடது முழங்கை பையை அழுத்துவதையும் பார். ஆரம்பிக்கும் முன் கையை மேலே நீட்டி, தோளில் சாய்ந்த மூன்று குழல்களையும் இழுத்தும் தள்ளியும் சுருதி சேர்ப்பார். எனக்கு அந்த நிமிஷமே போதும், நம் நாதஸ்வரக்காரர் பக்கத்தில் ஒத்து சேரும் நேரம் போலவே இருக்கும். விரல்கள் ஓடும் சுரக்குழலுக்குள் இருப்பதும் சீவாளி மாதிரி நாணலில் செய்த இரட்டை நாக்குதான்.

இந்த இசையை வளர்த்ததே அந்தக் கோட்டையை அண்டி வாழ்ந்த மக்ரிமன் குடும்பம். தலைமுறை தலைமுறையாக மக்லவுட்களின் பைப்பர்கள். கடலேரிக்கு அக்கரையில் போரெரைக்கில் நிலம் பெற்று, வாய்ப்பாடமாகவே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1773இல் கோட்டையில் தங்கிய ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன், டன்வேகன் விருந்தில் பேக்பைப் தன்னை உற்சாகப்படுத்தியதாக எழுதியிருக்கிறார். காது சரியாகக் கேட்காத மனிதர், பெரிய குழலுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நிற்பாராம்.

1746இல் கல்லோடன் போரில் ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குலங்கள் பல சேர்ந்து நடத்திய கிளர்ச்சியை அரசுப் படை நசுக்கியது. அப்புறம் குலத்தலைவர்கள் மெல்ல மெல்ல வெறும் நிலக்கிழார்களானார்கள். பைப்பர் குடும்பத்துக்கு நிலம் விட்டுவைக்கும் வழக்கமும் போய்விட்டது. அடுத்த நூற்றாண்டின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில், நார்மன் மக்லவுட் என்ற தலைவர் ஊருக்குச் சோறு போட்டே கடனாளியாகி லண்டனில் குமாஸ்தா வேலைக்குப் போனார். குடிமக்கள் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். உன் மேஜையில் உட்காரப்போகிறவர்களில் பாதிப் பேர் அவர்களின் வழிவந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

அவர்களைத் திரும்பக் கூட்டிவந்தவர் 1935இல் தலைமைக்கு வந்த ஃபுளோரா மக்லவுட். எழுபது வயதுக்கு மேல் கடல் கடந்து சுற்றிச் சங்கங்களைக் கட்டினார். முதல் குலப் பாராளுமன்றம் 1956இல் டன்வேகனில் கூடியது. எனக்கு அந்த அம்மாள்மேல் பெரிய மரியாதை. ஆனால் ஊரைவிட்டுப் போனவர்களின் வாரிசுகள் கூடும் சபையில், அந்த மண்ணிலேயே பிறந்த இசை தட்டுக்கு முன்னால் நடப்பதோடு முடிந்துவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

கோட்டையில் இருக்கும், ரோரி மோர் என்ற பழைய குலத்தலைவரின் கொம்பையும் பார்த்துவிட்டு வா. ஒன்றரை பாட்டில் ஒயின் பிடிக்கும் மாட்டுக் கொம்பு. வாரிசு ஒரே மூச்சில் குடிக்க வேண்டும் என்பது வழக்கம். 1965இல் ஜான் மக்லவுட் 1 நிமிடம் 57 விநாடியில் குடித்து முடித்தார்.

விருந்துக்கு முன்பே அமைப்பாளரிடம் போய், "சாப்பாட்டுக்கு அப்புறம் கியோல் மோர் ஒன்று முழுசாக வாசிப்பாரா?" என்று கேள். புதிதாக வந்த மருமகன் கேட்டால் தட்ட மாட்டார்கள். மறுநாள் காரை எடுத்துக்கொண்டு போரெரைக் போய், மக்ரிமன்களுக்காக 1933இல் எழுப்பிய கல்குவியலையும் பார். பைப்பர் என்ன வாசித்தார், யாரிடம் கற்றார் என்று மறக்காமல் கேட்டு எழுது.

அன்புடன்,
அக்கா