கெட்டித்த துப்பாக்கியும் வீட்டுப் பிள்ளைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக முன்வந்து ஒப்படைப்பவர்கள் மீது வழக்கு இல்லை என்று சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மலைக் கிராமங்களில் காவல்துறையினர் அவ்வப்போது அறிவிப்பதும், பின்னர் ஊர் எல்லையில் கேட்பாரற்றுக் கிடந்த துப்பாக்கிகள் மீட்கப்பட்டதாகச் செய்தி வருவதும் தங்கள் வாசகர்களுக்குப் பழகிப்போனவை. அந்த அறிவிப்புகள் தேவைதான். ஆனால் பயிர்க் காவலுக்காக முறையான உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. அதை வீட்டில் எங்கே, எந்த நிலையில் வைப்பது என்று அவர்களிடம் எவரும் பேசுவதில்லை என்பதே, மலையடிவாரப் பள்ளிகளில் நெடுங்காலம் பணியாற்றிய எனது குறை.

குண்டை நீக்கி வைக்க வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், குண்டுகளைத் தனியே வேறிடத்தில் பூட்ட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் பெற்றோருக்குச் சொல்லி வருகிறார்கள். நம் ஊரில் முதல் அறிவுரையிலேயே இடறல் இருக்கிறது. நம் விவசாயிகளிடம் பெரும்பாலும் இருப்பது, குழல்வாய் வழியாகக் கருமருந்தையும் ரவைகளையும் போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி. ஒருமுறை கெட்டித்துவிட்டால் உள்ளே போனதை வெளியே எடுப்பது எளிதன்று. சுட்டுத் தீர்ப்பதே வழக்கம். இரவெல்லாம் கடலைக் காட்டில் காவல் இருந்தும் பன்றி வராமல் போனால், விடியற்காலையில் மருந்தை வீணாக்க மனமின்றி, கெட்டித்தது கெட்டித்தபடியே வீட்டுக்குக் கொண்டுவந்து கூரையின் எரவாணத்தில் செருகிவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். அடுத்து அந்த வீட்டில் விழித்தெழுவது பிள்ளைதான்.

ஒளித்து வைத்திருக்கிறோமே என்பார்கள். பரணில் வெல்லம் இருக்கும் பானையைக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு எரவாணம் என்ன மறைவு? தீபாவளிக்குப் பொட்டுவெடித் துப்பாக்கி வாங்கிக் கொடுத்து, விசையை இழுக்கவும் நாமே பழக்கியிருக்கிறோம்.

எனவே காவல் முடிந்ததும், வீடு திரும்பும் முன்பே, காப்பான திசை பார்த்துச் சுட்டுத் துப்பாக்கியை வெறுமையாக்கிவிட வேண்டும். கொஞ்சம் மருந்து போனால் போகட்டும். வீட்டில் விசையைச் சுற்றியுள்ள வளையத்தில் சங்கிலி கோத்துச் சுவரில் பதித்த கொண்டியோடு பூட்டி, சாவியைப் பெரியவர் இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். கருமருந்தும் அதைப் பற்றவைக்கும் பொட்டும் வேறொரு பெட்டியில், வேறொரு பூட்டுக்குள், அடுப்பங்கரையை விட்டு விலகி இருக்க வேண்டும். ஈரம் படக்கூடாதென்று அடுப்புக்கு மேலேயே மருந்தை வைத்திருந்த வீட்டை நான் கண்டிருக்கிறேன்.

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், ஆயுதத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பது பற்றி விண்ணப்பதாரரிடம் உறுதிமொழி கேட்கின்றன. அது கோப்பில் உறங்குகிறது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பின் உரிமத்தைப் புதுப்பிப்பதும் 3 ஆண்டுக்குப் பதிலாக 5 ஆண்டுக்கு ஒருமுறை என்றாகிவிட்டதால், அதிகாரிகள் உரிமதாரரைப் பார்க்கும் வாய்ப்பு மேலும் குறைந்துவிட்டது. எனினும் ஒவ்வொரு தேர்தலின்போதும் உரிமத் துப்பாக்கிகள் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டு, தேர்தல் முடிந்தபின் திருப்பித் தரப்படுகின்றன. திருப்பித் தரும் அந்த நாளில் ஒரு சங்கிலியும் பூட்டும் கையில் கொடுத்து, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டு, வெறுமையாக்கி வைக்கும் முறையைக் காட்டி அனுப்பினால் என்ன? செலவு அதிகமில்லை.

வீட்டில் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்பதைத் தாய்மார்களே நன்கறிவார்கள் என்பதால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களிலும் இதைப் பேசத் தலைமையாசிரியர்களுக்குக் கல்வித்துறை அறிவுறுத்த வேண்டும். உரிமம் இல்லாதவர்கள் அச்சமின்றி ஒப்படைக்கும் வழியையும் அதே கூட்டத்தில் சொல்லலாம். மாவட்ட ஆட்சியர்களின் கவனத்துக்கு இதைக் கொண்டுசெல்லுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தருமபுரி மாவட்டம்.