நேயர்கள் கேட்க இடம் வேண்டும்

ஐயா,

எங்கள் பகுதி அகில இந்திய வானொலி நிலையத்தில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் நாட்டு நடப்பு குறித்து உரையாடியது பற்றிய செய்தியைத் தங்கள் இதழில் படித்தேன். தனியார் பண்பலைகளும் சமுதாய வானொலிகளும் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லாத நிலையில், மக்கள் பிரதிநிதி வானொலியில் பொதுப் பிரச்சினை பேச அகில இந்திய வானொலியே முக்கிய இடம். கிடைத்த அந்த நேரம் முழுவதையும் டெல்லி அரசியலுக்கே செலவிட்டது ஏமாற்றம் அளிக்கிறது. குறுவைக்காக ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறப்பது மரபு என்றாலும், கடைமடையில் உள்ள எங்கள் வாய்க்காலில் ஆகாயத்தாமரைதான் மண்டிக் கிடக்கிறது. பம்புசெட் தண்ணீரில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள், வரப்பில் வைத்த கைப்பேசியில் அந்த உரையாடலைக் கேட்டபடி, தூர்வாரும் பணி பற்றி ஒரு சொல்லாவது வருமா என்று எதிர்பார்த்தனர், வரவில்லை. நெறியாளரும் கேட்கவில்லை (கேட்கக் கூடாது என்று நிபந்தனையோ, என்னவோ).

இத்தகைய நிகழ்ச்சிகளை நேரலையாக நடத்தி, பாதி நேரத்தையாவது நேயர்களின் தொலைபேசிக் கேள்விகளுக்கு ஒதுக்க வேண்டும். அன்று பதில் கிடைக்காத கேள்விகளை அடுத்த மாதம் அதே உறுப்பினரிடம் நிலையத்தார் மீண்டும் எழுப்பலாம்.

- வாசகர், மன்னார்குடி வட்டம்