தனியாக வருகிறவரையும் கணக்கில் எடுங்கள்: கலை அருங்காட்சியக நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெருநகரக் கலை அருங்காட்சியகங்களின் இயக்குநர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

குடும்பமாக வருகிறவர்களுக்கு உங்களிடம் தனி டிக்கெட் இருக்கிறது. பள்ளிக் குழந்தைகளுக்குத் தனி வாசல், சுற்றுலாக் குழுக்களுக்கு முன்பதிவு நேரம், உறுப்பினர்களுக்குத் தனி வரிசை. ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் எட்டிப் பார்க்கிறவருக்குக்கூட ‘ஒரு மணி நேரத்தில் பார்க்க வேண்டியவை’ என்று மடிப்புத் தாள் அச்சடித்து வைத்திருக்கிறீர்கள். எல்லாம் சரி. ஆனால் காலையில் கதவு திறந்ததும் தனியாக உள்ளே வந்து, மாலையில் காவலர் ‘நேரமாகிவிட்டது’ என்று சொல்லும்வரை இருக்கிற ஆளை நினைத்து நீங்கள் எதையும் செய்ததாகத் தெரியவில்லை. நான் அந்த ரகம். என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். தனித்தனியாக வருவதால் கூட்டமாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

துணைக்கு ஆள் கிடைக்காமல் வருகிறோம் என்று நினைத்துவிட வேண்டாம். துணையோடு போனால், ஒருவருக்குக் கால் வலிக்கத் தொடங்கும் நேரத்தில்தான் இன்னொருவருக்குக் கண் திறக்கும். ஒவ்வொரு ஓவியத்தின் முன்னும் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் வேறு. தனியாக வந்தால் பீங்கான் சாடிகள் இருக்கும் ஒரு தளம் முழுவதையும் கூச்சமில்லாமல் தாண்டிப் போகலாம். பிடித்த ஒன்றின் முன்னால் முக்கால் மணி நேரம் நிற்கலாம். பின்னால் யாரும் பெருமூச்சு விடமாட்டார்கள்.

அப்படி நின்றால் என்ன கிடைக்கும்? லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும், ஜெர்மன் ஓவியர் ஹோல்பைனின் ‘தூதர்கள்’ ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம். 1533இல் வரைந்தது. ஆளுயரத்தில் இரண்டு கனவான்கள். அவர்களுக்கு நடுவே பூகோள உருண்டை, வானியல் கருவிகள், லூட் என்கிற நரம்பு வாத்தியம். காலடியில் தரைக்குக் குறுக்கே சாய்வாக ஏதோ இழுபட்ட கறை. நேரே நின்று பார்த்தால் அது என்னவென்றே புரியாது. வலப்பக்கம் சுவரை ஒட்டினாற்போல் போய்ப் பார்த்தால் மண்டையோடு! இது பலருக்கும் தெரிந்த சங்கதி. பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். இன்னும் கொஞ்ச நேரம் இருப்பவருக்கு லூட்டின் நரம்புகளில் ஒன்று அறுந்திருப்பது தெரியும். அப்புறம், இடப்பக்க மேல் மூலையில் பச்சைத் திரை முடிகிற இடத்தில், பாதி மறைந்த ஒரு சின்னச் சிலுவை. அதைக் கண்டபிறகு மண்டையோட்டுக்குத் திரும்பினால், முதலில் பார்த்த படம் இல்லை அது.

சராசரிப் பார்வையாளருக்கு இதெல்லாம் எதற்கு என்பீர்கள். கையில் புள்ளிவிவரமும் வைத்திருப்பீர்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் எடுத்து 2001இல் வெளியான ஆய்வில், ஒருவர் ஒரு படைப்பைப் பார்த்த சராசரி நேரம் 27 விநாடி. பாதிப் பேர் 17 விநாடிகூட நிற்கவில்லை. அதே ஆய்வாளர்கள் சிகாகோவில் மறுபடி அளந்து 2017இல் வெளியிட்டபோதும் சராசரி அரை நிமிடத்தை எட்டவில்லை. மக்களுக்குப் பொறுமை இல்லை என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்லலாம். நான் வேறு விதமாகப் படிக்கிறேன். உட்கார இடமில்லாத அறையில், இன்னும் முப்பது அறை பாக்கி இருக்கும் கவலையோடு நிற்கிற மனிதர் 27 விநாடி நின்றதே பெரிது.

இது புதுப் புகாரும் அல்ல. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளர் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916இலேயே ‘அருங்காட்சியகக் களைப்பு’ பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு மனிதரைக் கண்ணாடிப் பேழைகளுக்கு முன்னால் நிறுத்தி, உள்ளே இருப்பதைப் பார்க்கச் சொல்லிப் புகைப்படம் எடுத்தார். கீழ்த்தட்டைப் பார்க்க அந்த ஆள் குனிகிறார், இடுப்பை வளைக்கிறார், கிட்டத்தட்டக் குந்தியே விடுகிறார். களைப்புக்குக் காரணம் பார்வையாளரின் சோம்பல் அல்ல, நாம் பொருள்களை வைத்திருக்கும் விதம்தான் என்று படத்தோடு காட்டினார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. விளக்கக் குறிப்புகளை இன்னமும் முழங்கால் உயரத்தில், மருந்துப் புட்டி எழுத்தில்தான் ஒட்டுகிறீர்கள்.

எனவே முதல் கோரிக்கை இருக்கை. எங்காவது நடைபாதையில், பரிசுப்பொருள் கடையைப் பார்த்தபடி போடுகிற இருக்கை அல்ல. ஓவியத்துக்கு எதிரே, சரியான தூரத்தில், முதுகு சாய்க்க வசதியோடு ஒன்று. எப்படிச் செய்வதென்று உங்கள் துறைக்குத் தெரியாமல் இல்லை. பாரிஸின் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லிக்குளத்து ஓவியங்கள் 1927 முதல் இரண்டு நீள்வட்ட அறைகளில் சுவரோடு வளைந்து ஓடுகின்றன. நடுவில் இருக்கை. அங்கே யாரும் உடனே எழுந்து போவதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையை மெல்லத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். வேறு சில இடங்களில் மடக்கு ஸ்டூலை இரவல் தருகிறார்கள். அதுவும் நல்ல ஏற்பாடு. ஆனால் அது எங்கே கிடைக்கும் என்பதை நுழைவாசலிலேயே எழுதி வையுங்கள். மூன்றாம் தளத்தில் ஓர் ஓரத்தில் தொங்குவதைக் கண்டுபிடிப்பதற்குள் கால் போய்விடுகிறது.

அடுத்தது, வெளியே போய்த் திரும்பும் உரிமை. நாள் முழுக்க இருக்க வருகிறவருக்கு நடுவே ஒரு மணி நேரம் வெளிக்காற்று வேண்டும். கண் நிறைந்துவிடும், அதற்குமேல் எதுவும் உள்ளே ஏறாது. ‘ஒருமுறை வெளியேறினால் மறுபடி அனுமதி இல்லை’ என்ற பலகையைப் பார்த்ததும், ஆள் உள்ளேயே சோர்ந்து சோர்ந்து சுற்றுவார், அல்லது மதியத்தோடு முடித்துக்கொண்டு போய்விடுவார். கையில் ஒரு முத்திரை குத்த எவ்வளவு நேரமாகும்?

இருட்டு அறைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீர்வண்ண ஓவியங்களும் அச்சுப் படங்களும் இருக்கும் அறைகளில் வெளிச்சத்தை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைத்து வைக்கிறீர்கள். காகிதத்திலும் நிறத்திலும் வெளிச்சம் செய்யும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், மீட்க முடியாது. காரணம் நியாயமானது. ஆனால் அதை யாரும் சொல்வதில்லை. பிரகாசமான கூடத்திலிருந்து உள்ளே நுழைகிறவர், ஒன்றும் தெரியவில்லை என்று திரும்பிவிடுகிறார். ஐந்து நிமிடம் இருந்தால் கண் பழகிவிடும். மங்கலாகத் தெரிந்த வானத்தில் மேகங்களுக்கு இடையே வரையாமல் விட்ட வெள்ளைக் காகிதம் தெரியும். ‘கொஞ்சம் பொறுங்கள், கண் பழகட்டும்’ என்று வாசலில் ஒரு வரி போதும்.

காவலர்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, கிட்டத்தட்ட. ஒரே ஓவியத்தின் முன் வெகுநேரம் நிற்கிற ஒற்றை ஆளைச் சந்தேகமாகப் பார்ப்பது அவர்கள் வேலையின் பாகம்தான். ஆனால் அந்தக் கட்டடத்தில் ஓவியங்களோடு மிக நீண்ட நேரம் இருப்பவர்களும் அவர்களே. 2022இல் அமெரிக்காவின் பால்டிமோர் கலை அருங்காட்சியகம் தன் காவலர்கள் 17 பேரிடமே ஒரு கண்காட்சியைத் தேர்ந்தெடுத்து அமைக்கும் பொறுப்பைக் கொடுத்தது. மற்றவர்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம். ‘இந்த அறையில் உங்களுக்குப் பிடித்தது எது?’ என்று பார்வையாளர் கேட்டால் பதில் சொல்ல அவர்களுக்கு அனுமதி கொடுங்கள். காதில் மாட்டுகிற ஒலிவழிகாட்டி சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

‘தவறவிடக் கூடாதவை’ பட்டியலை எடுத்துவிடச் சொல்லவில்லை. எல்லோரையும் மோனா லிசாவிடம் அனுப்புங்கள், எனக்கு மற்ற அறைகள் காலியாகக் கிடைக்கும். (1911இல் அந்த ஓவியம் களவுபோனபோது, அது தொங்கிய வெறும் சுவரைப் பார்க்கவும் கூட்டம் வந்தது. நாம் அப்படித்தான்.) ஆனால் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்ற பதற்றத்தை மட்டும் வளர்க்காதீர்கள். மோனா லிசா இருக்கும் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருப்பவை ஏறத்தாழ 35,000. ஒன்றுக்கு அரை நிமிடம் என்றாலும், நடக்கிற நேரத்தைச் சேர்க்காமலே 290 மணி நேரம் ஆகும். திறந்ததிலிருந்து மூடும்வரை ஒரு மாதத்துக்கு மேல் தினமும் வர வேண்டும். யாராலும் ஆகாத காரியம் இது. ‘இன்றைக்கு ஐந்தே ஐந்து பாருங்கள், போதும்’ என்று வரைபடத்தின் மேலேயே அச்சடித்தால் என்ன?

ஒன்றே போதும் என்று காட்டிய காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் நேஷனல் கேலரி தன் ஓவியங்களை வேல்ஸ் மலைச் சுரங்கம் ஒன்றில் பத்திரப்படுத்தியிருந்தது. 1942 தொடக்கத்தில் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு வந்த ஒரு வாசகர் கடிதம், சில நல்ல ஓவியங்களையாவது காட்டுங்கள் என்று கேட்டது. அதன்பின் மாதத்துக்கு ஓர் ஓவியம் லண்டனுக்கு வந்தது. முதலில் வந்தவற்றில் இத்தாலிய ஓவியர் டிஷியன் வரைந்த ஒன்றும் உண்டு. குண்டுவீச்சில் அடிபட்ட நகரத்தில், அந்த ஒற்றை ஓவியத்தைப் பார்க்க மக்கள் திரண்டு வந்தார்கள். ஒரு கடிதத்துக்கு அந்த நிர்வாகம் செவிகொடுத்தது என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

கேட்டவை எல்லாவற்றுக்கும் குழு கூட வேண்டும், ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது தெரியும். இருக்கைக்கு அவ்வளவு யோசனை வேண்டாம். உங்கள் கிடங்குகளில் தேடினால் பழைய பெஞ்சு நாலைந்தாவது இருக்கும். அவற்றைத் துடைத்து அடுத்த வாரமே போட்டுவிடலாம். எந்த ஓவியத்தின் எதிரே போடுவது என்று குழப்பமாக இருந்தால் காவலர்களைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒற்றை டிக்கெட் வாங்குகிற ஒருவர்