எட்டாயிரம் ரூபாயில் 61 நாள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2018-ல் மத்திய அரசு அறிவித்த 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இருப்பவை ராமநாதபுரமும் விருதுநகரும்தான். அன்றிலிருந்து பள்ளி, மருத்துவம், விவசாயம் என்று அளந்து மதிப்பெண் போடுகிறார்கள். சரி, அளக்கட்டும். ஆனால் ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களான மண்டபத்திலும் பாம்பனிலும் ஒரு வீட்டில் மே மாதம் அடுப்பு எப்படி எரிகிறது என்பது அந்த மதிப்பெண்ணில் தெரியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலில் இறங்காது. மீன்வளம் பெருக அது வேண்டும், அதில் யாருக்கும் சண்டை இல்லை. நிவாரணத்தை 5,000-லிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தியதும் நல்ல காரியம்தான், ஆனால் 61 நாளுக்கு வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 131 ரூபாய், அதுவும் ஆளுக்கு இல்லை, மொத்தக் குடும்பத்துக்கும். முடிந்தவர்கள் கேரளாவுக்குப் படகு வேலைக்குப் போகிறார்கள், அங்கே தடை ஜூனில்தான் தொடங்கும். மற்றவர்கள் நகையை அடகு வைக்கிறார்கள், இல்லையென்றால் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார்கள், அப்புறம் சீசன் பிறந்ததும் அவர் சொன்ன விலைக்கே மீனைப் போட வேண்டும். பள்ளிக்கூடம் திறப்பதும் அதே ஜூனில்!

இதில் பெண்களை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. படகு நின்றால் இறால் தலை கிள்ளும் வேலை, மீன் தரம் பிரிக்கும் வேலை எல்லாம் சேர்ந்தே நிற்கிறது. மீனவர் குடும்பம் என்ற பதிவில் இல்லாத கூலிப் பெண்ணுக்கு அந்த 131-ம் கிடையாது. கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் கதை இன்னொன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்ததிலிருந்து, தாயும் பாட்டியும் போய்வந்த இடத்துக்கே பயந்து பயந்து போகிறார்கள். இத்தனைக்கும் பாசி அழியக் கூடாதென்று மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது எனத் தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் தீவுகளின் இயற்கையைக் காக்கும் அமெரிக்க அமைப்பான சீகாலஜியின் விருதே கிடைத்தது.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது இதுதான். தடை தொடங்கும் அன்றே பணம் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், கடன் வாங்கிய பிறகு வந்து என்ன பயன்? பாசி எடுப்பவரையும் இறால் கம்பெனிக் கூலியையும் அவரவர் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். அடுத்த முறை கணக்கெடுக்க வரும்போது கழிப்பறை இருக்கிறதா என்பதோடு, வீட்டில் எவ்வளவு கடன், என்ன வட்டி என்றும் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
மண்டபம் வாசகர் ஒருவர்