கூத்து என்று தேடினால் குத்துப்பாட்டு வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ்த்தினப் போட்டியில் என் மகள் நாட்டார் பாடல் பாட வேண்டி இருந்தது. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை. வன்னிப் பாட்டுத்தான் பாடுவேன் என்று தானே முடிவெடுத்துக்கொண்டு, ஒரு பின்னேரம் முழுக்க என் போனில் ஸ்பொட்டிபை, அப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் என்று மாறி மாறித் தேடினாள். தமிழில் அடித்தாள், ஆங்கில எழுத்திலும் அடித்தாள். ஆங்கில எழுத்தில் கூத்துக்கும் குத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லைத்தானே, சினிமாக் குத்துப்பாட்டுகள் வரிசையாக வந்து நின்றன. நாட்டார் பாடல் என்று அடித்தால் தமிழ்நாட்டுத் தெம்மாங்கு. அவற்றில் எனக்குக் குறை இல்லை, நல்ல பாட்டுகளும் இருந்தன. ஆனால் எங்கள் வயல் பாட்டுகளான அரிவி வெட்டுப் பாட்டு, பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு, முல்லைத்தீவுப் பாணிக் கோவலன் கூத்து எதுவுமே அவளுக்கு அகப்படவில்லை. கடைசியில் பக்கத்து வளவு ஆச்சியிடம் போய் இருந்து, அவ பாடப் பாட எழுதிக்கொண்டு வந்தாள்.

எனக்கு இந்தக் கவலை புதிது இல்லை. என் அம்மப்பா கூத்துப் பழக்கிய அண்ணாவியார். வற்றாப்பளை அம்மன் பொங்கலை ஒட்டி அந்தக் காலத்தில் ஆடிய ஒரு கூத்தை யாரோ கசெற்றில் பிடித்து வைத்திருந்தார்கள். போர்க்காலத் தடையால் பற்றரி வன்னிக்குள் வராத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிச் சுற்றி அந்தக் கசெற்றைக் கேட்டிருக்கிறோம். சுற்றுகிற ஆள் களைத்தால் அம்மப்பாவின் குரலும் இழுபட்டுப் போகும். 2009இல் வீட்டில் இருந்த எல்லாவற்றோடும் அதுவும் போய்விட்டது. அதன் பிரதி ஒன்று கனடாவில் சித்தப்பாவின் அலுமாரியில் கிடந்ததை அப்புறம்தான் அறிந்தோம். அவர் அதைக் கணினியில் ஏற்றி அனுப்பிய அன்று அம்மா சமையலை விட்டுவிட்டு வந்து, நிலத்தில் இருந்து முழுவதையும் கேட்டா.

சரி, இதை ஊரே கேட்கட்டும் என்று இணைய இசைக்கடைகளில் ஏற்றப் பார்த்தேன். இந்தக் கடைகளில் நாங்கள் நேரே பாட்டைக் கொண்டுபோய் வைக்க முடியாது, இடையில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். அவர்களுடைய படிவத்தில் இசையமைப்பாளர் பெயர், பாடலாசிரியர் பெயர் என்று கட்டம் கட்டமாகக் கேட்கிறார்கள். வாய்வழி வந்த கூத்துக்கு நான் யாருடைய பெயரைப் போடுவது? இசை வகை கேட்ட இடத்தில் கூத்தும் இல்லை, இலங்கைத் தமிழ் என்றும் ஒன்று இல்லை, இந்திய இசை இருந்தது, உலக இசை இருந்தது, பக்தி இருந்தது. பக்தி என்று போட்டு அனுப்பினேன். ஒலித்தரம் போதாது என்று திருப்பிவிட்டார்கள். உண்மைதான், பின்னால் நாய் குரைக்கிறது, சனம் கதைக்கிறது, ஒரு குழந்தை அழுகிறது. கோயில் வெளியில் விடிய விடிய ஆடிய கூத்தை வேறு எப்படிப் பிடிப்பது?

ஏற்றி இருந்தாலும் என்ன நடந்திருக்கும் என்று பிறகு விசாரித்துப் பார்த்தேன். ஸ்பொட்டிபையில் ஒரு பாட்டு 30 செக்கன் ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவு உரிமைப் பணம் இல்லை. கூத்தில் 30 செக்கனுக்குள் தொடக்க வணக்கமான காப்புப் பாட்டே முடியாது. அண்ணாவியார் ஒரு அடியை எடுத்துக் கொடுக்க, பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் படிக்க, மத்தளம் அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். அதை மூன்று நிமிடத் துண்டுகளாக வெட்டினால் பாத்திரம் களரிக்கு வரும் வரவுப் பாட்டு ஓரிடம், பிறகு பாடும் தரு என்ற பாட்டு ஓரிடமாகச் சிதறும், வெட்டாமல் ஒரே நீளமாகப் போட்டால் ஒரு இரவுக் கூத்தும் ஒரு சினிமாப் பாட்டும் அங்கே ஒரே கணக்கு. எங்களுக்குப் பணம் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் கேட்கப்படுகிற பாட்டைத்தான் அந்தச் செயலிகள் மேலும் மேலும் காட்டுகின்றன, அடியில் கிடக்கிற பாட்டு அடியிலேயே கிடக்கிறது. கூத்து மட்டும் இல்லை, 1975இல் காலமான தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பைக்கூட நான் கேட்டதெல்லாம் ரசிகர்கள் யாரோ அன்பினால் யூடியூப்பில் ஏற்றிய பழைய பதிவுகளில்தான்.

ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்து வைக்கும் நூலகம் நிறுவனம் இருக்கிறதே என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவர்கள் 2005 முதல் செய்யும் வேலைக்கு நான் தலை வணங்குகிறேன், அவர்களுடைய ஆவணகத்தில் ஒலிப்பதிவுகளும் சேர்கின்றன, அம்மப்பாவின் பதிவையும் அங்கே கொடுக்கத்தான் போகிறேன். ஆனால் என் மகள் பாட்டுக் கேட்க ஆவணகத்தைத் திறக்க மாட்டாள். போனில் எந்தச் செயலி இருக்கிறதோ அதைத்தான் திறப்பாள். 2021 பெப்ரவரியில் ஸ்பொட்டிபை இலங்கைக்கு வந்தபோது, இனி எங்கள் பாட்டும் போகும் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

பிழை முழுவதும் கடைக்காரரில் இல்லை. முந்தி கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடையான றெக்கோடிங் பாரில் பாட்டுப் பட்டியலைக் கொடுத்தால் இல்லாத பாட்டையும் எங்கேயோ தேடிப் பிடித்துக் கசெற்றில் அடித்துத் தருவார்கள், கேட்கிற ஆளும் இருந்தது, கொடுக்கிற ஆளும் இருந்தது. இன்று நாங்கள் எதையும் ஒழுங்காகப் பதிவு செய்து கொடுக்கவில்லை. கூத்து நடந்தால் ஆளாளுக்குப் போனைத் தூக்கி இரண்டு நிமிடம் பிடித்து முகநூலில் போடுகிறோம், பாடுகிறவர் பெயர்கூடப் போடுவதில்லை. நெல் வெட்ட மெசின் வந்த பிறகு அரிவி வெட்டுப் பாட்டு வயலில் இல்லை, அது இப்போது நாலைந்து வயதானவர்களின் நினைவில்தான் இருக்கிறது.

ஆகவே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவினரையும் வவுனியாப் பல்கலைக்கழகத்தினரையும் கேட்கிறேன்: மாணவர்களை நல்ல மைக்கோடு எங்கள் பக்கம் அனுப்புங்கள். முழுக் கூத்தையும் பிடியுங்கள், அண்ணாவியார், மத்தளக்காரர், பிற்பாட்டுக்காரர் எல்லாருடைய பெயரையும் எழுதுங்கள், பிறகு பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே கடைகளில் ஏற்றுங்கள். தனி ஆளான என்னைத் திருப்பி அனுப்பியது போல உங்களை இலகுவில் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஏற்றுகிற செலவை வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கங்கள் தாங்கலாம். லண்டனிலோ கனடாவிலோ யாரிடமாவது வன்னிக் கூத்துக் கசெற் இருந்தால், வீடு மாறும்போது தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.

நான் சொன்ன ஆச்சிக்கு 81 வயது. அரிவி வெட்டுப் பாட்டில் தனக்கு இன்னும் நிறைய அடிகள் தெரியும் என்கிறா. காலையில் குரல் நன்றாக இருக்குமாம், பத்து மணிக்கு முன்னம் வரச் சொன்னா.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
முள்ளியவளை.