சுரங்கப்பாதை இருக்கிறதா என்று கேட்காதீர்கள்: 8, 9-ஆம் வகுப்புப் பெற்றோருக்கு மரபு நடை பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பிப்ரவரி மாதத்தின் முதல் இரண்டு சனிக்கிழமைகளில் 8, 9-ஆம் வகுப்புப் பிள்ளைகள் மரபு நடை (ஊரின் பழைய இடங்களை நடந்து பார்ப்பது) நடத்துகிறார்கள். ‘செல்கிறார்கள்’ என்று எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். வழிகாட்டிகள் அவர்கள்; பார்வையாளர்கள் நீங்கள். முதல் சனிக்கிழமை காலை சேலம் கோட்டைப் பகுதியை நடந்து பார்க்கிறோம். அடுத்த சனிக்கிழமை பிற்பகல் பேருந்தில் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போகிறோம்.

பிள்ளைகள் இதற்காக ஒரு விதியைப் பழகியிருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் மூன்றில் ஒன்றாக முடிய வேண்டும்: ‘பார்க்கிறோம்’, ‘எழுதியிருக்கிறது’, ‘சொல்கிறார்கள்’. தூணில் யாளி இருப்பதைப் பார்க்கிறோம். ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார் என்று எழுதியிருக்கிறது. திருமணிமுத்தாற்றங்கரை ஜாமியா மசூதியில் திப்பு சுல்தான் தொழுதார் என்று சொல்கிறார்கள். மூன்றாவது வகை பொய் என்று அர்த்தமில்லை. ஊர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் மூன்றாவதை இரண்டாவதாக மாற்றிச் சொன்னால் மதிப்பெண் குறையும்.

இங்கேதான் உங்கள் ஒத்துழைப்பு வேண்டும். பழைய கட்டடத்தைக் கண்டதும் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “இங்கே சுரங்கப்பாதை உண்டாமே?” என்பதுதான். தமிழ்நாட்டில் சுரங்கம் இல்லாத கோயிலே கிடையாது, சொல்வழக்கில். பெரும்பாலும் அது மழைநீர்க் கால்வாயாகவோ, நிலவறையாகவோ இருக்கும். பிள்ளை “சொல்கிறார்கள்” என்று முடித்துவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி எல்லார் முன்னும் திருத்த வேண்டாம். அதற்குப் பதில், “இது உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குத்தான் ஆறு வாரமாகத் தயாராகியிருக்கிறார்கள்.

கோட்டை நடை காலை 6.45 மணிக்குத் தொடங்கும். கோட்டை என்றதும் கொத்தளமும் அகழியும் எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். பெயர்தான் பெரிதாக மிஞ்சியிருக்கிறது. முதல் நிறுத்தம் அழகிரிநாதர் கோயில். சனிக்கிழமை என்பதால் பெருமாள் கோயிலில் நேரம் ஆக ஆகக் கூட்டம் சேரும்; அதனால் அதை முதலிலேயே முடிக்கிறோம். அடுத்து கோட்டை மாரியம்மன் கோயில். ஆடித் திருவிழாவுக்கு நீங்கள் ஆண்டுதோறும் வரும் இடம்தான், ஆனால் அந்த நெரிசலில் யாரும் கட்டடத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பிறகு மசூதியை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, ஆற்றைக் கடந்து சுகவனேஸ்வரர் கோயில். அருணகிரிநாதர் திருப்புகழில் பாடிய தலம் இது. சுகம் என்றால் கிளி, சுகவனம் கிளிக்காடு. திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையிலிருந்து வருகிறது. இப்போது அதில் வருவது பெரும்பாலும் சாக்கடை என்பதையும் பிள்ளைகள் ‘பார்க்கிறோம்’ என்ற வகையில் சொல்வார்கள், மறைக்கச் சொல்லவில்லை.

கடைசி நிறுத்தம் கலெக்டர் அலுவலகப் பக்கம் உள்ள கிறிஸ்து நாதர் ஆலயம். இதை வடிவமைத்தவர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸும் அவர் வரைந்ததே. மெரினாவுக்குப் போகும்போது பிள்ளையிடம் காட்டி, இரண்டுக்கும் என்ன ஒற்றுமை, என்ன வேற்றுமை என்று கேட்டுப் பாருங்கள்.

வழியில் அக்ரகாரத் தெருக்களில் இன்னும் நிற்கும் காரை வீடுகளுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்கியிருக்கிறோம், ஏனென்றால் கோயிலைக் காக்க ஆள் உண்டு, வீட்டைக் காக்க ஆள் இல்லை. இவற்றின் கூரையை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். தேக்கு உத்தரக் கட்டைகளை ஏறக்குறைய ஒன்றரை அடி இடைவெளியில் போட்டு, ஒரு அங்குலம் மட்டுமே கனமுள்ள சின்னச் செங்கற்களை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புக் காரையில் அடுக்குவார்கள். மூலைவாட்டில் அடுக்குவதால் ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையில் சாய்ந்து நிற்கும், அடியில் பலகை முட்டு தேவைப்படாது. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று, நான்கு அங்குலம் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்துக்கொண்டே நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். கடைசியில் தட்டையான ஓடு பதிப்பார்கள். வீட்டுக்குள் அண்ணாந்து பார்த்தால் சாய்வான செங்கல் கோடுகள் தெரியும். அதுதான் அடையாளம்.

இந்தக் கூரை ஒழுகினால் நாம் செய்வது மேலே சிமென்ட் பூசுவது. கெடுவது அங்கேதான். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமென்ட் விடாது. வெயிலில் இரண்டும் ஒரே அளவில் விரியாததால் விரிசல் விழும், அதன் வழியாக இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தங்கி, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர முனையை உளுத்துப்போக வைக்கும். கீழே நின்று பார்த்தால் மரம் நன்றாகத்தான் தெரியும். சுவரில் சிமென்ட் பூசினாலும் இதே கதைதான், உப்புப் பூத்து ஆளுயரத்துக்குப் பொரிந்து விழும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குவதும் வீண். மேலே அறுந்து வேர் உள்ளேயே நிற்கும், அடுத்த மழைக்கு மீண்டும் வரும். வேரோடு எடுத்து அந்த ஓட்டையைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும். உங்கள் தாத்தா வீடு இப்படிப்பட்டதாக இருந்தால் பிள்ளையை ஒரு முறை மொட்டைமாடிக்கு அனுப்பி மழைநீர்க் குழாய் வாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

குகை, அம்மாப்பேட்டை பகுதிகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வேறு வேலை: நெசவுத் தறிக்குழி உள்ள வீட்டின் தரைப்படம் வரைந்து வர வேண்டும். குழியின் ஆழம், சன்னல் எந்தத் திசை, வாசலிலிருந்து எத்தனை அடி என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். தறியைத் தரைக்குள் இறக்கியது இடத்துக்காக மட்டும் அல்ல, மண்ணின் ஈரப்பதத்தில் பாவு நூல் (நீளவாட்டில் ஓடும் நூல்) அடிக்கடி அறாது என்பதற்காகவும்.

தாரமங்கலத்துக்கு வருவோம். இந்தப் பகுதியை ஆண்ட குறுநிலத் தலைவர்களான கெட்டி முதலியார்கள் எடுப்பித்த இந்தக் கோயில் மேற்குப் பார்த்தது. காலையில் போனால் முகப்பு முழுவதும் நிழலில் கிடக்கும். எனவே பிற்பகல் 2.30-க்குப் பள்ளியிலிருந்து பேருந்து. மாலையில் நடை திறக்கும்போது உள்ளே இருப்போம். சிற்பிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது ‘தாரமங்கலம் தூண் நீங்கலாக’ என்று எழுதிக்கொள்வார்களாம். (இது ‘சொல்கிறார்கள்’ வகை.) அந்தத் தூண்களைக் கண்ணால் பார்த்தால் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று புரியும்.

யாளியின் வாயில் உருளும் கல் பந்து எல்லாருக்கும் தெரியும். பந்தைச் செய்து உள்ளே வைக்கவில்லை. ஒரே கல்லில் பற்களின் இடைவெளி வழியாக உளியை விட்டு, சுற்றிலும் சிறிது சிறிதாகக் குடைந்து, கடைசியில் பிடித்திருந்த இணைப்பை வெட்டி விடுவித்திருக்கிறார்கள். இடைவெளியைவிடப் பந்து பெரியது, அதனால் வெளியே வராது. கல் சங்கிலியும் அதே முறைதான். ஒரு தட்டு அதிகமானால் அதுவரை செய்த தூண் முழுவதும் வீண். பந்தை உருட்டிப் பார்க்க எல்லாருக்கும் ஆசை வரும். ஆயிரம் விரல்கள் தொட்டுத் தொட்டு விளிம்பு தேய்கிறது. எங்கள் பிள்ளைகள் தொடாமல் டார்ச் அடித்துக் காட்டுவார்கள். நீங்களும் அப்படியே பாருங்கள்.

ராமன், வாலி தூண்களைப் பார்க்க ஒரு முறை உண்டு. முதலில் வாலி பக்கம் நின்று ராமனைத் தேடுங்கள், தெரியமாட்டான். பிறகு ராமன் பக்கம் போய் நில்லுங்கள், வாலி தெரிவான். மறைந்து நின்று அம்பு விட்ட கதையைச் சிற்பி தூண்களின் இடைவெளியிலேயே வைத்துவிட்டார். வரிசையை மாற்றிப் பார்த்தால் சுவை போய்விடும், வழிகாட்டும் பிள்ளை சொல்லும் வரை பொறுங்கள்.

மாசியில் சில நாட்கள் மாலை வெயில் கருவறை வரை வந்து லிங்கத்தின் மேல் விழும் என்பார்கள். பிப்ரவரி 21, 22, 23 என்று தேதியும் சொல்வார்கள். நாம் போவது அதற்கு முன்பே. சூரியன் ஒரே இடத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை மறையும் என்பதால் அக்டோபர் 20 வாக்கிலும் இது நடக்க வேண்டுமே என்று ஒரு பிள்ளை கேட்கக்கூடும். நல்ல கேள்வி. அது ஐப்பசி, மழைக்காலம் என்பது வரை சொல்லிவிட்டு மீதியை அவர்களே யோசிக்க விடுங்கள்.

கல்வெட்டைப் பார்க்க டார்ச்சை நேராக அடிக்கக்கூடாது. சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடித்தால் எழுத்தின் பள்ளம் நிழலாகி எழுந்து நிற்கும். சாக்குக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் பூசாதீர்கள். சில கோயில்களில் எழுத்து மழுங்கியிருப்பதற்கு மணல் வீச்சில் சுத்தம் செய்ததும் ஒரு காரணம். அழுக்கோடு கல்லின் மேல்தோலும் போய்விடும்.

ஒரு குழுவில் 12 பேர், ஒரு நிறுத்தத்துக்கு 7 நிமிடம். கட்டடத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் பின்னால் நின்றால் முழுவதும் கண்ணில் அடங்கும். உங்கள் முதுகில் வெயில் படும்படி நில்லுங்கள். கண் கூசுவதை வழிகாட்டி பொறுத்துக்கொள்வான். உங்கள் பிள்ளை இருக்கும் குழுவில் நீங்கள் வரக்கூடாது, வேறு குழுவில் சேர்ப்போம். அம்மா முகத்தைப் பார்த்தால் பாதிப் பேருக்குப் பேச்சு நின்றுவிடுகிறது.

கோட்டை நடைக்குக் கட்டணம் இல்லை. தாரமங்கலம் பேருந்துக்குத் தலைக்கு 150 ரூபாய், வரும் வெள்ளிக்குள் வகுப்பாசிரியரிடம் ஒப்புதல் படிவத்தோடு கொடுத்துவிடுங்கள். எளிதில் கழற்றும் செருப்பு, ஒரு லிட்டர் தண்ணீர், சின்ன டார்ச், அட்டையில் பொருத்திய நான்கு தாள், பென்சில். பேனா வேண்டாம், கல் தரையில் கசிந்தால் கறை போகாது. கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதி கேட்டிருக்கிறோம், பதில் வரும் வரை கைப்பேசி பையிலேயே இருக்கட்டும். தாரமங்கலத்திலிருந்து திரும்ப இரவு 7.30 ஆகும். பள்ளி வாசலில் வந்து அழைத்துச் செல்ல முடியாதவர்கள் அதைப் படிவத்தின் பின்பக்கம் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்