இருந்தால் கூடுதா என்று ஒருமுறை கேளுங்கள்

வடமாகாணச் சுகாதாரத்துறை அதிகாரிகளுக்கும் வன்னி ஆஸ்பத்திரிகளில் கடமையாற்றும் வைத்தியர்களுக்கும் வணக்கம்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் வயல் செய்கிறவன். இருபது வருடமாக உழவு இயந்திரம் ஓட்டியவன். நாலு வருடத்துக்கு முன், காலபோக உழவு முடிந்த கையோடு, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையில் ஓர் எரிவு தொடங்கியது. சீற்றில் அரை மணித்தியாலம் இருந்தால் தணலில் இருக்கிற மாதிரி. சலம் அடிக்கடி முட்டும், போய் வந்தாலும் தீராது. மனைவியிடம் சொல்லவே எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் என் முறை வந்தபோது, முதுகுக்குப் பின்னால் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நின்றார். “சலக்கடுப்பு” என்று மட்டும் சொன்னேன். வேறென்ன சொல்வது? கிருமியைக் கொல்லும் சிப்ரோபுளொக்சசின் குளிசை எழுதித் தந்தார்கள். சலப் பரிசோதனையில் கிருமி இல்லை. ஆனாலும் அதே குளிசை, மூன்று வருடத்தில் ஆறு தடவை. கடைசியில் “உங்களுக்கு ஒன்றுமில்லை” என்றார்கள். அந்தச் சொல்தான் என்னை முறித்தது. நான் பொய் சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்புறம் இடுப்பு நோவுக்காகப் போன இடத்தில் ஓர் இயன்மருத்துவர் கேட்டார்: “இருந்தால் கூடுதா? எழும்பி நின்றால் குறையுதா? நித்திரையில் எழுப்புதா?” இருந்தால் கூடும், நின்றால் குறையும், நித்திரையில் எழுப்பாது. இடுப்புக்கூட்டின் அடித்தசைகள் இறுகி, அவற்றுக்கிடையே ஓடும் புடெண்டல் நரம்பு நசிபடுவதாக இருக்கலாம் என்றார். 2008இல் பிரான்சின் நாந்த் நகரில் வகுத்த அளவுகோல்களில் இந்தக் கேள்விகள் இருக்கின்றன. கேட்க ஒரு நிமிடம் போதும்.

காய்ச்சல், சலத்தில் கிருமி என்றால் குளிசை தரத்தான் வேண்டும். தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சலம் அடைத்துப்போனாலோ அன்றே அனுப்ப வேண்டும். ஆனால் நாட்பட்ட புரொஸ்டேட் அழற்சி (சலப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் சுரப்பியின் அழற்சி) என்று பெயர் வைக்கப்படும் ஆண்களில் மிகப் பெரும்பாலானோருக்குக் கிருமியே கிடையாது. கிருமியில்லாத அந்த வகைக்கு சிப்ரோபுளொக்சசின் வகை மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2018இலேயே சொல்லிவிட்டது. தசைநாணையும் நரம்பையும் அவை பாதிக்கக்கூடும். எனக்கு உதவியது தசையைத் தளர்த்தும் பயிற்சி, ஆழ்ந்த மூச்சு, நரம்பு நோவுக்கு இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின். சலத்தை அடக்குவதுபோல் இறுக்கும் பயிற்சியை யாரோ சொல்லிக் கொடுத்து, அது நோவைக் கூட்டியதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இன்னொன்று. போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். சலப்பையிலிருந்து சலம் தானாக வெளியேறாத அவர்களுக்கு, நாளுக்குப் பலமுறை தாங்களே சுத்தமாகக் குழாயிட்டுச் சலம் எடுக்கும் முறை 1972 முதல் உலகம் அறிந்தது. சலம் தேங்கினால் சிறுநீரகம் கெடும். குழாய் தீர்ந்துபோனால் அவர்கள் வாய் திறப்பதில்லை. ஆம்பிளைகள் இதைப் பேச வெட்கப்படுவார்கள் என்று தெரிந்துதானே நீங்கள் கேட்க வேண்டும்?

நான் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. ஒவ்வொரு மாவட்டத்திலும் வாரத்தில் ஒரு மத்தியானம், கதவு சாத்தக்கூடிய ஓர் அறை. இடுப்படித் தசை வைத்தியம் பழகிய ஓர் இயன்மருத்துவர். யாழ்ப்பாணத்துக்கு எப்போது அனுப்புவது என்று எழுதிய ஒரு தாள். இந்த நோவை அளக்க 1999இல் வெளிவந்த ஒன்பது கேள்விகள், எங்கள் தமிழில். அதற்கு உதவி வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். எங்கள் ஊர் ஆம்பிளைகள் இந்த இடத்து நோவை என்ன சொல்லிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். நான் வந்து இருந்து, இருக்க முடியாவிட்டால் நின்றுகொண்டாவது, எழுதித் தருகிறேன்.